இலையின் இடது மூலை

“மிஸ், நான் சீனியத் தொட்டு மூணு மாசம் ஆச்சு.”

கிள்ளானில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் நான் உணவியல் அதிகாரியாகச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு அது. எதிரே உட்கார்ந்திருந்தவர் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவர். வயது 54. வீடு காப்பார் பக்கம். பெருமைப்பட அவருக்குக் காரணம் இருந்தது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.8-லிருந்து 7.6-க்கு இறங்கியிருந்தது. ஆனால் அவருடைய பச்சைப் பதிவுப் புத்தகத்தில் அன்று காலை தாதி எழுதிய இன்னோர் எண்ணை அவர் கவனிக்கவில்லை. ரத்த அழுத்தம் 168/96. மூன்று மாதத்துக்கு முன்பு அது 152/90.

“நேத்து காலையில எழுந்ததிலிருந்து சொல்லுங்கய்யா. வாய்க்குள்ள போனது எல்லாத்தையும்.”

“காலையில கோப்பி ஓ கோசோங், கிரீம் கிராக்கர் எட்டு. பத்து மணிக்கு உப்புக் கச்சான் ஒரு பாக்கெட். மத்தியானம் சோறு பாதிதான் மிஸ். ரசம், பொரிச்ச கருவாடு, மோர் மிளகா நாலு. சாயங்காலம் முறுக்கு. ராத்திரிக்குச் சோறே இல்ல, மீ பாக்கெட் ஒண்ணு சூப்போட. இனிப்புன்னு ஒண்ணுகூட கிடையாது.”

அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. இனிப்பு எழுந்துபோன ஒவ்வோர் இடத்திலும் உப்பு வந்து உட்கார்ந்திருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் அவருக்குத் தாள் எழுதிக் கொடுத்தவள் நான்தான். கூடாதவற்றின் வரிசையில் சீனி, டின் பால், குவே, சிரப் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். கிரீம் கிராக்கரைச் ‘சாப்பிடலாம்’ என்ற பக்கத்தில் போட்டதும் நானே. உப்பைப் பற்றித் தாளின் அடியில் இரண்டே சொல்: ‘உப்பைக் குறைக்கவும்.’ எந்த உப்பை, எவ்வளவு, எப்படி என்று ஒன்றும் இல்லை. அவர் என் தாளில் இருந்ததை அப்படியே செய்தார். தாளில் இல்லாததுதான் அந்த 168.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கிள்ளானிலும் பிறகு பிரிக்பீல்ட்ஸிலும் எத்தனையோ பேரின் நேற்றைய சாப்பாட்டைக் கேட்டு எழுதிவிட்டேன். அந்த லாரி ஓட்டுநர் சொன்ன பட்டியல், சிற்சில மாற்றங்களோடு, இன்றும் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

மலேசியத் தமிழில் நாம் இந்த இரண்டு நோய்க்கும் வைத்திருக்கும் பெயர்களைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நீரிழிவுக்கு இனிப்புநீர். உயர் ரத்த அழுத்தத்துக்கு ரத்தக் கொதிப்பு. இனிப்புநீர் என்று சொன்ன மாத்திரத்தில் குற்றவாளி யார் என்பது முடிவாகிவிடுகிறது: இனிப்பு. அதை விலக்கிவிட்டால் கடமை முடிந்தது. கொதிப்பு என்றால் கோபம். “எனக்குக் கோபமே வராதே மிஸ், எனக்கெப்படிக் கொதிப்பு?” என்று உண்மையான திகைப்போடு கேட்டவர்கள் உண்டு. உப்பு, சோடியம், சிறுநீரகம் எதுவும் இந்தப் பெயர்களுக்குள் இல்லை. நோயாளியின் மனத்தில் நோய் எப்படிப் பதிந்திருக்கிறதோ அப்படித்தான் அவர் சாப்பாடும் மாறுகிறது. அதனால் இப்போதெல்லாம் முதல் சந்திப்பில் தட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தப் பெயர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இனிப்புநீரின் முகத்தை நம் மக்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். கால் விரலை எடுத்த பெரியப்பா, கண் மங்கிய பாட்டி, வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணன். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். அதே ஆய்வில் பெரியவர்களில் 30 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். அது வலிக்காது, அரிக்காது, தாகம் எடுக்காது. ஒருநாள் காலையில் வாய் கோணும்போதுதான் தன் முகத்தைக் காட்டும். கால் விரலை எடுத்ததற்கும் கண் மங்கியதற்கும் சர்க்கரையோடு சேர்ந்து அழுத்தமும் பொறுப்பு என்பதை அந்த வீடுகளில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இதை ஒப்பவைக்க நான் ஓர் ஆய்வைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராபர்ட் டர்னர் தலைமையில் பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ். அதன் ஒரு பகுதியில் நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்திருந்த 1,148 பேரை எட்டு ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். ஒரு பிரிவின் சராசரி அழுத்தம் 144/82. மற்றதில் 154/87. மேல் எண்ணில் வெறும் பத்துப் புள்ளி வித்தியாசம். அந்தப் பத்துப் புள்ளிக்கு நீரிழிவு சார்ந்த மரணம் 32 விழுக்காடு குறைந்தது, பக்கவாதம் 44 விழுக்காடு குறைந்தது. 1998-இல் அது வெளியானது. பத்தாண்டு கழித்து, 2008-இல், அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் அழுத்தமும் ஒன்றாகிவிட்டது. பழைய நன்மையும் கரைந்துவிட்டது. சர்க்கரையை ஆரம்பத்திலேயே கட்டுக்குள் வைத்ததன் பலன் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அழுத்தத்தில் சேமிப்பு கிடையாது, அன்றன்றைக்குச் செலுத்த வேண்டும். ‘ஆறு மாசம் நல்லாத்தான் இருந்தேன், அதான் விட்டுட்டேன்’ என்பவர்களிடம் இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருப்பேன்.

நீரிழிவுக்காரர் உடம்பு உப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் ரத்தத்தில் இன்சுலின் மிகுந்து நிற்கிறது. அது சிறுநீரகத்திடம் சோடியத்தை வெளியே விடாதே என்கிறது. சோடியம் தங்கினால் தண்ணீரும் தங்கும். ரத்தத்தில் மிகுந்த சர்க்கரையும் திசுக்களிலிருந்து தண்ணீரை ரத்தக்குழாய்க்குள் இழுக்கும். குழாய்களோ ஏற்கெனவே விறைத்திருக்கின்றன. ஒரே கருவாட்டுத் துண்டு பக்கத்து வீட்டுக்காரரைவிட இவருக்கு அதிகக் கெடுதல் செய்வது இதனால்தான்.

என் பாட்டி காப்பார்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நடந்து, பால் எடுத்துச் சுமந்து, திரும்பும்போது சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும். தூக்குச்சட்டியில் பழைய சோறு, சுட்ட கருவாடு, ஊறுகாய். லயத்து வீட்டில் ஐஸ்பெட்டி ஏது? கெடாமல் கிடப்பதுதான் கறி. வியர்வையில் போனதை அந்த உப்பு ஈடு செய்தது. அவருக்கு அது பொருந்திய சாப்பாடு. இன்று தோட்டத்தில் செம்பனை நிற்கிறது, அல்லது வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் பண்டமாரானிலும் மேருவிலும் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். லாரி ஓட்டுகிறார்கள், பாதுகாவலர் கூண்டில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்கிறார்கள். வியர்வை போய்விட்டது. பாட்டியின் உப்பளவு மட்டும் மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. அதன்மேல் மீ பாக்கெட்டும் சாடின் டின்னும் கிச்சாப்பும் புதிதாகச் சேர்ந்துகொண்டன. கருவாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நான் வளர்ந்த வீட்டின் மணம் அது.

வேலைக்கு வந்த புதிதில் நான் கேட்ட மோசமான கேள்வி: “உப்பு அதிகமாச் சாப்பிடுவீங்களா?” ‘இல்லை’ என்பதைத் தவிர வேறு பதில் வந்ததே கிடையாது. பொய்யில்லை, அவரவர் வீட்டு உப்பு அவரவருக்குச் சரியானதுதான். பிறகு கேள்வியை மாற்றினேன். வீட்டில் ஊறுகாய்ப் போத்தல் எத்தனை? அப்பளம் எந்தெந்த நாள்? கிச்சாப் போத்தல் எவ்வளவு நாள் வரும்? சோற்றுக்கு முதலில் குழம்பை ஊற்றுவீர்களா, பொரியலை வைப்பீர்களா? மீ பாக்கெட்டின் தூளை முழுதும் போடுவீர்களா? பதில்கள் தாமாக வரும்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கைகொடுத்தது ஒரு கறுப்பு மார்க்கர் பேனா. அந்த லாரி ஓட்டுநரின் மனைவியை அடுத்த முறை கூடவே வரச் சொல்லியிருந்தேன். அவரிடம்தான் முதன்முதலில் அதைக் கொடுத்தேன். “அக்கா, புது உப்புப் பாக்கெட்டைத் திறக்கிற அன்னைக்குத் தேதி எழுதுங்க. முடியிற அன்னைக்கும் எழுதுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். எப்பவும் போல சமைங்க.” அவர் கொண்டுவந்த முதல் காலிப் பாக்கெட்டில் இரு தேதிக்கும் இடையே 18 நாள். 500 கிராம் உப்பு, வீட்டில் ஐந்து பேர். அவர் எதிரிலேயே கணக்குப் போட்டேன்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 5.6 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் வரம்பு 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி, ஏறத்தாழ 2,000 மில்லிகிராம் சோடியம். சட்டியில் போட்ட உப்பிலேயே அந்த வரம்பு தாண்டிவிட்டது. பிஸ்கட்டும் கச்சானும் கருவாடும் மீயும் இன்னும் கணக்கில் ஏறவே இல்லை. பல மீ பாக்கெட்டுகளில் தூளையும் சேர்த்தால் 1,000 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பில் சுமார் 900.

அந்த அக்கா பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நான்தான் போட்டுக் கொடுத்திருக்கேனா?” என்றார். அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கோலாலம்பூரில் படித்த நாலு வருஷத்தில் சோடியத்தின் வளர்சிதை மாற்றம் தெரிந்துகொண்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் ஊரில் பிறந்த ஒரு பெண்ணிடம், நீ போடும் உப்பைக் குறை என்று சொல்வது அவருடைய கைப்பக்குவத்தின் மேலும் அன்பின் மேலும் கை வைப்பது என்பதை அன்றுதான் கண்டேன். “நீங்க போட்டதாலதான் இத்தனை வருஷம் எல்லாரும் நல்லாச் சாப்பிட்டாங்க. அதே கையால கொஞ்சம் மாத்துவோம்” என்றேன். அதற்குமேல் என்ன சொல்வதென்று இன்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து சமைப்பவர் இல்லாமல் நான் உப்புப் பேச்சை எடுப்பதில்லை. மாமியார் சமைக்கிற வீடென்றால் மாமியார் வரவேண்டும். மருமகளிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் அன்று மாலை அடுப்படியில் அவள்தான் அவதிப்படுவாள். ‘அவருக்குத் தனியாச் சமைக்கணுமா’ என்பது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. வேண்டாம். தனியாகச் சமைத்தது ஒரு மாதத்துக்குமேல் எந்த வீட்டிலும் நீடித்து நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு குறைத்துக்கொண்டு வந்தால் நாக்கு கூடவே வரும். சில வாரங்களில் பழைய அளவே கரிக்கத் தொடங்கும். ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் ஊறுகாய்ப் போத்தல் மேசைக்கு வந்துவிடும்.

சமையல் நுணுக்கங்களை நான் அந்தப் பெண்களிடமிருந்துதான் கற்றேன். உப்பைக் குறைத்துப் புளியைக் கூட்டச் சொல்லும் யோசனை நம் குழம்புக்கு உதவாது. புளி ஏறினால் உப்பு கேட்கும், இது எந்தச் சமையல்காரிக்கும் தெரியும். புளியையும் சேர்த்து இளக்க வேண்டும். பொரியலுக்கு உப்பே வேண்டாம், இறக்கியபின் எலுமிச்சை பிழிந்து, வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகும் தூவினால் போதும் என்று காட்டியவர் பந்திங்கிலிருந்து வந்த ஓர் அம்மா. குழம்பில் உப்பிருக்கும்போது சோற்றோடு பிசையும் பொரியலில் அது குறைவாகத் தெரியாது. உப்பைக் கடைசியில் போட்டால் குறைவாகப் போடத் தோன்றும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை நீரை மாற்றினால் உப்பில் ஒரு பங்கு போய்விடும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் நான்கில் ஒரு நாளைக்கு ஒன்று. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் உண்டு, அதுவும் சோடியம்தான். இந்துப்பு பரவாயில்லையா என்று கேட்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அதிலும் ஏறக்குறைய முழுக்கச் சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, விலை வேறு, சிறுநீரகத்துக்கு இரண்டும் ஒன்று.

அந்த வீட்டில் நான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு பாக்கெட் 31 நாள் வந்தது. ஆளுக்கு 3.2 கிராம். கிரீம் கிராக்கர் போய் அவித்த கொண்டைக்கடலை வந்திருந்தது, உப்பில்லாமல், தேங்காயும் கடுகும் தாளித்து. ராத்திரி மீ வாரம் ஒரு நாளாகி, தூள் பாதியாகியிருந்தது. எடையும் நாலு கிலோ இறங்கியிருந்தது. ஒரு கிலோ இறங்கினால் மேல் எண்ணில் சுமார் ஒரு புள்ளி இறங்கும் என்பது பல ஆய்வுகளின் சராசரி. அழுத்தம் 136/82. எல்லாம் உப்பால் வந்தது என்று சொல்ல மாட்டேன். இடையில் மருத்துவர் ஒரு மாத்திரையைக் கூட்டியிருந்தார். அதுவும் வேண்டியிருந்தது. மாத்திரையும் அடுப்படியும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டன.

இப்போது என் தொழிலில் நான் செய்த பெரிய தவற்றைச் சொல்ல வேண்டும். 1997-இல் அமெரிக்காவில் டேஷ் என்ற உணவுமுறையின் ஆய்வு வெளிவந்தது. பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் பொருள், கொட்டை வகைகள் நிறைந்த சாப்பாட்டை எட்டு வாரம் கொடுத்ததில், ரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்கு மேல் எண் 11 புள்ளிக்கு மேல் இறங்கியது. 2001-இல் அதோடு உப்பையும் குறைத்துப் பார்த்தபோது இன்னும் இறங்கியது. அந்த உணவின் பலத்துக்கு ஒரு காரணம் பொட்டாசியம். சோடியத்தைச் சிறுநீரில் தள்ளிவிட அது உதவும். நான் அதை நம் ஊர்ப் பொருளாக மாற்றித் தாள் தயாரித்தேன். வாழைப்பழம், இளநீர், தக்காளி, கீரை, ஆரஞ்சு. அழகான தாள். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

61 வயது அம்மா ஒருவர், பதினைந்து வருஷமாக இனிப்புநீர். தாளை அச்சுப் பிசகாமல் பின்பற்றினார். தினம் இரண்டு வாழைப்பழம், ஓர் இளநீர். ஐந்து வாரம் கழித்து மருத்துவர் என்னைக் கூப்பிட்டார். அந்த அம்மாவின் ரத்தத்தில் பொட்டாசியம் 6.2. ஐந்தைத் தாண்டினாலே யோசிக்க வேண்டிய எண். ஆறுக்கு மேல் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அவருடைய சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்குமேல் பழுதாகியிருந்தது. அவர் சாப்பிட்டுவந்த பெரிண்டோபிரில் மாத்திரை சிறுநீரகத்தைக் காப்பதற்காகக் கொடுப்பது. அதற்கும் பொட்டாசியத்தைத் தேக்கும் குணம் உண்டு. இரண்டும் கோப்பில் எழுதியிருந்தன. நான் திறந்து பார்த்தது சர்க்கரைப் பக்கத்தை மட்டும். அன்றே அவரை வார்டில் சேர்த்தார்கள், நாலு நாளில் வீடு திரும்பினார். நான் போய்ப் பார்த்தபோது, “நீங்க எழுதிக் கொடுத்ததுல ஒண்ணுகூட விடல மிஸ்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். என் சொல்லை அவர் நம்பிய அளவுக்கு நான் அவர் கோப்பைப் படிக்கவில்லை. அதற்குப்பின் கிரியேட்டினினும் பொட்டாசியமும் என்ன எண் என்று பார்க்காமல் யாருக்கும் ஒரு வாழைப்பழம்கூட எழுதித் தந்ததில்லை.

இதே காரணத்துக்காகத்தான், கடைகளில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்பதைப் பற்றியும் எச்சரிக்கையாகப் பேசுகிறேன். அது நல்ல பொருள். சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், முக்கால் பங்கு சாதாரண உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்ததைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்குமேல் நீரிழிவால் வருபவர்கள். என் எதிரே உட்காரும் இனிப்புநீர்க்காரருக்குச் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் அந்தப் பாக்கெட்டை நான் கையில் கொடுக்க முடியாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: பெலிம்பிங் என்கிற நட்சத்திரப் பழத்தை ஒரு துண்டுகூடத் தொடாதீர்கள். அதிலுள்ள நஞ்சு வெளியேறாமல் மூளையைத் தாக்கும்.

கேட்காமல் விட்டதால் நழுவிய இன்னொரு விஷயம் அதிமதுரம். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். சமையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூன்று மாத்திரை, ஆனாலும் அழுத்தம் 160-ஐ விட்டு இறங்கவில்லை. பொட்டாசியம் மட்டும் குறைவாக இருந்தது. மூன்றாவது சந்திப்பில், பேச்சோடு பேச்சாகத் தொண்டையைச் செருமினார். “தொண்டைக்கு ஏதாச்சும் சாப்பிடுறீங்களா டீச்சர்?” “அதிமதுரப் பொடிதான்மா, தேன் வேண்டாம்னு வெந்நீர்ல. ரெண்டு வேளை, ஒரு வருஷமா.” அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான பொருள், உடம்பில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். நம் வீடுகளில் குழந்தைக்குக்கூடக் கொடுக்கிற சாது மருந்து. கொஞ்ச நாளைக்குக் கொஞ்சம் என்றால் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. வருஷக்கணக்கில் இரண்டு வேளை என்பது வேறு. மருத்துவரிடம் எழுதி அனுப்பினேன், நிறுத்தச் சொன்னார். சில வாரங்களில் அழுத்தம் இறங்கியது. இப்போது என் கேள்விகளில் ‘நாட்டு மருந்து’ என்று தனியாக ஒரு வரி உண்டு, கடிந்துகொள்ளாத குரலில்.

2012-இல் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன், துன் சம்பந்தன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் சிறிய ஆலோசனை அறை. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து அந்தப் பகுதியை லிட்டில் இந்தியா என்று திறந்துவைத்திருந்தார். கீழே இறங்கினால் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள். வருகிறவர்களிடம் பிளாஸ்டிக் சோற்றையும் பிளாஸ்டிக் மீனையும் காட்டிப் பாடம் நடத்துவது ஒரு கட்டத்தில் எனக்கே சலித்துவிட்டது. விருப்பப்பட்டவர்களை மதியம் கீழே அழைத்துப்போகத் தொடங்கினேன். இலை நல்ல கரும்பலகை.

இலையைப் போட்டதும் இடது மூலையைக் காட்டுவேன். விருந்தில் முதலில் உப்பும் ஊறுகாயும் வைக்கும் இடம். ஓரத்தில், விரல் நுனி அளவுக்கு, தேவைப்பட்டவர் தொட்டுக்கொள்ள. முன்னோர் உப்புக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். அந்த மூலை இப்போது இலை முழுக்கப் படர்ந்துவிட்டது. மலேசியர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 7.9 கிராம் உப்பு சாப்பிடுகிறார்கள் என்று 2017-18-இல் நடந்த தேசிய ஆய்வு சொன்னது. அதில் பெரும்பகுதி மூலையில் இல்லை, குழம்புக்குள் இருக்கிறது.

அரசாங்கம் சொல்லித்தரும் ‘சுக்கு சுக்கு செபாரோ’ முறையை இலையில் கோடு போட்டுக் காட்டுவேன்: கால் பாகம் சோறு, கால் பாகம் மீனோ கோழியோ பருப்போ, பாதி காயும் பழமும். இந்தக் கடைகளில் காய்கறியைக் கேட்டால் மறுபடி வைப்பார்கள். சோறு வருவதற்கு முன்பே காயை இரண்டு முறை வாங்கிக்கொண்டால் சோற்றுக்கு இடம் தானாகக் குறையும். சர்க்கரைக்கும் நல்லது, குழம்பைக் குடிக்கச் சோறு குறைவாக இருப்பதால் உப்புக்கும் நல்லது. குழம்பு ஒரு கரண்டி, ஒரே வகை. மீன் குழம்பும் கோழிக் குழம்பும் பருப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வேண்டாம். பரிமாறும் தம்பி இரண்டாம் முறை வரும்போது இலைமேல் கையை விரித்துக் காட்டினால் போதும், கோபித்துக்கொள்ள மாட்டார். ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடிக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பலருக்கு அது செரிமான மருந்து, எனக்கோ அது உப்புத் தண்ணீர். தயிர் இருக்கட்டும், உப்புப் போடாமல். இப்படி ஒரு மணி நேரம் இலைமுன் உட்கார்ந்தவர்கள் அறையில் மூன்று முறை கேட்டவர்களைவிட நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

சாப்பாட்டை மாற்றியவர்கள் சிலருக்குத் தலை சுற்றும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உப்பை நன்றாகக் குறைத்திருந்தார், மாத்திரை பழைய அளவிலேயே இருந்தது. ஒருநாள் காலை கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்தார். நெடுநாள் நீரிழிவு நரம்புகளைப் பழுதாக்கியிருந்தால், எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று விழும். உட்கார்ந்து பார்த்த எண் நன்றாகவே இருக்கும். அதனால் நின்றும் அளந்து பாருங்கள் என்று மருத்துவருக்கு நினைவூட்டச் சொல்வேன். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. நோயாளியும் செய்யக்கூடாது, நானும் செய்யக்கூடாது. வீட்டில் அளப்பவர்கள் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, காலையில் கோப்பிக்கும் மாத்திரைக்கும் முன்பு, இரண்டு முறை அளந்து எழுதிக்கொண்டு வந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

லாரி ஓட்டியவர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். தீபாவளிக்கு அக்கா முறுக்கு சுடுகிறார், மாவில் உப்பு பாதி. அதை ஒரு டின்னில் போட்டு எனக்கும் அனுப்புகிறார்.

என் அம்மாவுக்கு 79 வயது. இனிப்புநீரும் கொதிப்பும் இரண்டும் உண்டு. கிள்ளானில் தம்பி வீட்டில் இருக்கிறார். ஊருக்கெல்லாம் சொல்கிற மகள் சொன்னதை நெடுநாள் அவர் கேட்கவில்லை. “உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க?” என்பார். உப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லையம்மா, தேதியை மட்டும் எழுதுங்கள் என்று ஒரு பேனாவை வைத்துவிட்டு வந்தேன். போன மாதம் கொமுட்டர் ரயிலில் போய் இறங்கினேன். புரட்டாசி என்பதால் வீட்டில் கருவாட்டு வாசம் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உப்புப் பாக்கெட், வாயை ரப்பர் போட்டுக் கட்டி. மேலே அவருடைய நடுங்கும் எழுத்தில் ‘ஆவணி 3’ என்று இருந்தது. நான் கையில் எடுப்பதற்குள் பின்னாலிருந்து சொன்னார்: “இன்னும் பாதி இருக்கு.”